வீட்டில் பெட்ரோல் பாதுகாப்பு

பெட்ரோல் (கன்னெய்) என்பது பாறை எண்ணெயிலிருந்து பெறப்படும், எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் நீர்ம எரிபொருள் ஆகும். இரு சக்கர வண்டி, விசைத்தெளிப்பான், சிறிய ஜெனரேட்டர் ஆகியவற்றுக்காக இது வீடுகளிலும் வைக்கப்படுவதுண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரம், கோவில்பட்டி முதலிய கரிசல் நிலப் பகுதிகளில் கோடை வெப்பம் மிகுதி. இங்கு தீப்பெட்டித் தொழிலும் பரவியுள்ளதால் பெட்ரோலைக் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

தன்மைகள்

பெட்ரோலில் எரிவது நீர்மம் அன்று, அதன் ஆவியே. ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை பெட்ரோலுக்கு ஏறத்தாழ −40 °செ. மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 °செ. ஆகவே மண்ணெண்ணெயைக் கையாண்ட பழக்கத்தில் பெட்ரோலைக் கையாள்வது ஆபத்தானது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. எனவே அது தரையோடு பரவி, கலனிலிருந்து விலகியுள்ள விளக்கு, அடுப்பு, மின் பொறி ஆகியவற்றைச் சென்றடையும். காற்றில் இதன் அளவு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருக்கும்போது தீப்பற்றும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஒரு சிறிய அறையின் காற்றையே தீப்பற்றும் கலவையாக்க வல்லது.

சட்ட வரம்பு

இந்தியாவில் 1934 ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் 2002 ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளும் பொருந்தும். 23 °செ-க்குக் கீழ் தீப்பற்றும் பெட்ரோல் 'ஏ' வகுப்பைச் சேர்ந்தது. விற்பனைக்கு அல்லாமல், ஒருவர் ஓரிடத்தில் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். கலன் இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலனாயின் 1 லிட்டரையும், உலோகக் கலனாயின் 25 லிட்டரையும் மிஞ்சக்கூடாது. பெட்டிக்கடைகளில் பாட்டில்களில் வைத்து விற்பதற்கு இவ்விலக்கு பொருந்தாது.

சேமித்தல்

* தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்காமல் இருப்பதே முதன்மையான பாதுகாப்பு ஆகும்.
* தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களில் வைக்கக்கூடாது. வெப்பத்தில் அவை உப்பிக் கசியக்கூடும். குடிநீரென மயங்கிப் பருகவும் வாய்ப்புண்டு.
* வெப்பநிலை 20 °செ உயர்ந்தால் 10 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.2 லிட்டர் விரிவடையும். ஆதலால் கலனை விளிம்புவரை நிரப்பாமல் வெற்றிடம் விட வேண்டும்.
* சமையலறை, பூசை அறை, படுக்கையறை, குளிர்பதனப் பெட்டி அருகே வைக்கக்கூடாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள, குழந்தைகளுக்கு எட்டாத வெளிப்புற இடமே ஏற்றது.
* தீக்குச்சி, தீப்பெட்டி மூலப்பொருட்கள், பட்டாசு ஆகியவை உள்ள இடத்தில் அறவே வைக்கக்கூடாது.

கையாளுதல்

இயந்திரத்தை நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே எரிபொருள் ஊற்ற வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் கலனை வண்டியின் மேல் வைக்காமல் தரையில் வைத்து நிரப்புவது நிலைமின் பொறி உண்டாவதைத் தவிர்க்க உதவும். குழாயை வாயால் உறிஞ்சி எடுத்தல், கை கழுவுதல், துணி துவைத்தல், மண்ணெண்ணெய் அடுப்பில் கலத்தல் ஆகியவற்றுக்குப் பெட்ரோலைப் பயன்படுத்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். காலியான கலனிலும் ஆவி தங்கியிருப்பதால் அதனை முறையாகத் தூய்மை செய்யாமல் வெல்டிங் செய்யக்கூடாது.

இலங்கை நிகழ்வு

2022 இல் இலங்கையில் ஏற்பட்ட எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மக்கள் பலர் கலன்களில் பெட்ரோல் வாங்கி வீடுகளில் சேமித்தனர். பின்னர் கலன்களில் எரிபொருள் வழங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. தட்டுப்பாடு குறித்த அச்சம் வீடுகளையே எரிபொருள் கிடங்குகளாக மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

விபத்தும் முதலுதவியும்

சிந்திய பெட்ரோலின்மேல் மணல் தூவ வேண்டும். அருகிலுள்ள மின் விசைகளைத் தொடாமல் வெளியேற வேண்டும். பெட்ரோல் நீரில் மிதப்பதால், எரியும் பெட்ரோல் மீது தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். மணல், உலர்பொடி அல்லது நுரைத் தீயணைப்பான் ஏற்றது. தீ பெரிதாயின் 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்துப் புரள வேண்டும். தீக்காயத்தின் மீது 20 நிமிடங்கள் குளிர்ந்த நீரை ஓடவிட வேண்டும். பெட்ரோலை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது; அது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கு ஆபத்தாகும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மண்ணெண்ணெய்
* தீயணைப்பான்
* தீப்பெட்டித் தொழில்