துணிக்கு வந்த நீலம்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தவர்கள், லேப் சிங்கில் படிந்திருக்கும் நீலக் கறையைக் கவனித்திருக்கலாம். அந்த நீலத்தின் பெயர் மெத்திலீன் புளூ. கிருமியைக் காட்டுவதற்காக அதை யாரும் செய்யவில்லை, செய்தது துணிக்கு.

துணியைப் பற்றி இந்தக் கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைத் திருவொற்றியூர்ப் பக்கம் குடியமர்த்தினார். அவர் பேரில் வந்த ஊர்தான் காலடிப்பேட்டை. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் கடுக்காயும் படிகாரமும் கொண்டு சாயவேர்ச் சிவப்பை நூலில் நிற்க வைத்தார்கள். நீலத்துக்கு அவுரி இருந்தது.

1856-ல் ராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறந்தது. அதே ஆண்டு லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் பார்த்தான். கிடைத்ததோ ஊதாச் சாயம். வித்தையை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் ஹைன்ரிக் காரோ 1876-ல் பருத்திக்கென்று மெத்திலீன் புளூவைச் செய்தார். 1897-ல் அதே கம்பெனி செயற்கை அவுரியையும் சந்தையில் இறக்கியது. நம் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன.

இதற்கிடையே நீலம் பெர்லின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியபோது, பழுப்புப் பின்னணியில் அது மெத்திலீன் புளூவின் நீலத்தில் தெரிந்தது. ஆனால் சாயம் ஏற ஒரு நாள் ஆனது. கோக் அதைக் காட்டிய கூட்டத்தில் இருந்த பால் எர்லிக் வேறு சாயங்களை முயன்றார். காய்வதற்காக அவர் அணைந்த அடுப்பின் மேல் வைத்திருந்த ஸ்லைடுகளை, வேலைக்காரப் பெண் கவனிக்காமல் காலையில் அடுப்பு மூட்டிச் சூடாக்கிவிட்டாள், சாயம் அபாரமாகப் பிடித்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சூடு நிலைத்துவிட்டது. எர்லிக்கின் முறையில் ட்ஸீல் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தார். நீல்சன் ஃபுக்சின் சிவப்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டுவந்தார். கிருமி சிவப்பாகிவிட்டது. கதாநாயகனாக வந்த நீலம் பின்திரைக்குப் போனது.

வேறொரு கூட்டணியில் அது மறுபடி முன்னுக்கு வந்தது. ரஷ்யரான ரொமனோவ்ஸ்கி, பூஞ்சை பிடித்த பழைய மெத்திலீன் புளூவை இயோசினுடன் கலந்தால் சாயம் இன்னும் நன்றாக ஏறுவதைக் கண்டார். அந்தச் சாயத்தைக் கொண்டுதான் 1903-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், காலா அசார் நோயாளிகளின் மண்ணீரலில் ஒட்டுண்ணியைக் கண்டார். அதைத் தனியே கண்டிருந்த லீஷ்மனோடு அவர் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

காசநோய்க்குத் திரும்புவோம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியம் போகாமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. நோயாளிகள் நகரத்து ஏழைகள். குணம் தெரிந்ததா என்பதற்கு அவர்களின் சளியே சாட்சி சொன்னது.

சளியைப் பார்க்கும் வேலை இப்படி நடக்கும். ஈர்க்குச்சியின் முறிந்த நுனியால் சளியின் கெட்டியான பகுதியை எடுத்து ஸ்லைடில் தடவுவார்கள். உலர்ந்தபின் தீயில் காட்டி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, கீழே சுடர் பிடிப்பார்கள். ஆவி எழ வேண்டும், கொதிக்கக் கூடாது. 25 சதவீதக் கந்தக அமிலத்தில் மற்றவை பெரும்பாலும் வெளுத்துவிடும், காசநோய்க் கிருமி சிவப்பை விடாது. கடைசியில் மெத்திலீன் புளூ, அரை நிமிடம். ஈர்க்குச்சியும் டப்பாவும் நேரே ஃபீனால் வாளிக்குள் போகும். லேப்காரருக்கு நோய் தொற்றாமல் காப்பதில் அந்த வாளிக்கும் பங்கு உண்டு. அதை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை.

ஓய்வு நேரத்தில் நீலத்துக்குப் பக்கத்து வேலைகளும் உண்டு. பால்பண்ணையில் 10 மி.லி. பாலில் 1 மி.லி. நீலக் கரைசல் விட்டு 37 டிகிரியில் வைத்தால், கிருமி மிகுந்த பாலில் அரை மணிக்குள் நிறம் போய்விடும். நல்ல பாலில் ஐந்து மணி நேரம்கூட நிற்கும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீனின் பூஞ்சைக்கு மருந்தாக விற்பதும் இதே சரக்கு.