கோட்டைக்குள் ஒரு சிறுசபை

திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோரிற் பலர், 1820ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்துசேர்ந்த ரேனியஸ் ஐயரிடமிருந்து தொடங்கி, 1826இல் பிரதிஷ்டையான தூய திரித்துவ ஆலயத்தின் பெருமையை விரித்துரைத்து, அதற்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே அவ்வூர்க் கோட்டைப் பகுதியில் எழுந்த சிறு கோயிலை இரண்டொரு வரிகளிற் கடந்துவிடுகின்றனர். அடியேனுக்கோ அச்சிறு கோயிலின் கதையே அதிக சுவாரஸ்யமுடையதாகத் தோன்றுகிறது.

1771இலேயே, பாளையங்கோட்டையில் சவரிமுத்து என்னும் ஒருவர், ஆங்கிலப் படையின் சார்ஜெண்ட் ஒருவருடைய ஆதரவில் இருந்துகொண்டு, கேட்க விரும்பினோர்க்கெல்லாம் வேதத்தை வாசித்துக் காட்டி வந்தார் என்று மிஷனெரியாகிய சுவார்ட்ஸ் ஐயரின் நாட்குறிப்பு கூறுகிறது. அவருக்குக் குருப்பட்டமும் இல்லை, ஜெபவீடும் இல்லை. ஆயினும் சபையின் வித்து அங்கேதான் விழுந்தது.

அடுத்து வந்தவர் கிளாரிந்தா. தஞ்சையைச் சார்ந்த இந்த மராட்டியப் பிராமண விதவை, தமக்கு அடைக்கலம் தந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவருடன் விவாகமின்றி வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் வேண்டினார். அந்நிலை நீடிக்கும்வரை தருவதற்கில்லை என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அவ்வதிகாரி காலமானபின், 1778இல் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் அவ்வம்மையாரின் நெடுநாள் விருப்பம் நிறைவேறிற்று. மறுத்த ஐயரின் கண்டிப்பைப் புகழ்வோர் உண்டு. மறுக்கப்பட்டும் மனம் மாறாதிருந்த அம்மையாரின் உறுதியை அதனினும் மேலாகவே நான் மதிக்கிறேன்.

1780ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்களே உள. முதற்பெயர் கிளாரிந்தாவினுடையது. பல ஜாதியாரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நின்றமை அக்காலத்துக்கு அற்ப விஷயமன்று. கூரைவேய்ந்த ஜெபவீடு போதாமற்போகவே, அவ்வம்மையார் ஆங்கிலேயர் சிலரின் உதவியையும் பெற்றுச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆலயமொன்று கட்டுவித்தார்; 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் அதனைப் பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் வழங்கிய அதனருகே, அவர் வெட்டுவித்த கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர் பெற்றது. அக்காலத்திலேதான் உபதேசியார் தேவசகாயத்தின் புதல்வனான பாலகன் வேதநாயகத்தை ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் வேதநாயக சாஸ்திரியார் என்று தமிழ்க் கிறிஸ்தவ உலகம் போற்றிய கவி அவரே.

இத்தனையும் நடந்தது, அங்கேயே தங்கி ஊழியம் செய்யும் குரு ஒருவரும் இல்லாத காலத்தில் என்பதை மறத்தலாகாது. சபையைப் பராமரித்தவர்கள் ஒரு விதவையும், சிப்பாய்க் குடும்பத்தாரும், உபதேசியார்களுமே. அவ்வுபதேசியார்களுள் தலைசிறந்தவரான சத்தியநாதன், 1790 டிசம்பரில் தஞ்சையிற் குருப்பட்டம் பெற்றார். அவ்வமயம் அவர் தமிழிற் செய்த பிரசங்கம் ஆங்கிலமாக்கப்பட்டு லண்டனில் அச்சேறியது. மறுவருஷம் மிஷனெரியாக வந்த யெனிக்கே ஐயர் மலைக்காய்ச்சலால் பலமுறை வருந்தி, 1800இல் காலமாகிவிட்டபடியால், பாரமெல்லாம் பெரும்பாலும் சத்தியநாதன் தோள்மீதே தங்கிற்று. அதற்குள் சபை கோட்டை மதிலைத் தாண்டித் தெற்கே தேரிக்காட்டுப் பனங்காடுகளுக்குட் பரவியிருந்தது. அங்கே விசுவாசத்தினிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்கள் ஒதுங்கி வாழும்பொருட்டு, தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால் 1799இல் நிலம் வாங்கி முதலூர் நிறுவப்பட்டது. அவ்வூரின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.