லயத்திலிருந்து புறம்போக்கு வரை: மலேசியத் தமிழ்த் திரைப்படங்களில் உழைக்கும் மக்கள்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்குத் தெற்கே, கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் பீடோர். இவ்வட்டாரத் தோட்டப்புறங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளன. இத்தகைய தோட்டங்களை விட்டு வெளியேறியோர் பலர் நகர்ப்புறங்களின் புறம்போக்கு நிலங்களில் குடியேறினர். அவ்விடப்பெயர்வைத் திரைப்படம் எவ்வாறு காட்டியுள்ளது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

வரலாற்றுப் பின்புலம்

1950களின் பிற்பகுதியில் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. 1969க்குப் பின் குடியுரிமை பெறாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதால் பலர் வேலையிழந்தனர். ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பின்னர் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. ஆதலால் வேலை போனபோது வீடும் போயிற்று. அதனோடு தமிழ்ப்பள்ளி, கோயில், அண்டை அயல் என்ற உறவுகளும் சிதறின. நகரில் அவர்கள் எழுப்பிய பலகை வீடுகளுக்கு நிலவுரிமை இல்லை. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் நிகழ்ந்த இனமோதலில் அறுவர் உயிரிழந்த பின்னரே, இத்தகைய குடியிருப்புகளின் வறுமை பொதுவிவாதத்திற்கு வந்தது.

திரைப்படங்கள் காட்டும் வாழ்க்கை

தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005) 1960களின் ரப்பர்த் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. மேற்படிப்பை நாடும் ஒரு பெண்ணின் விருப்பமும் குடும்பத்தின் இயலாமையும் அதன் மையம். அவரது ‘சலங்கை’ (2007) கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு நகர்கிறது. பூ விற்கும் தாய், கார் கழுவும் மகன், நடனம் பயில விரும்பும் மகள் ஆகியோரின் அன்றாடமே அதன் கதை. இவ்விரு படங்களிலும் வறுமை அவலக் காட்சியாக்கப்படவில்லை. உழைப்பின் இயல்பான சூழலாகவே அது நிற்கிறது.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) இவ்விரு உலகங்களையும் இணைக்கிறது. கதை நிகழும் காலம் 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் சிறுவன் அப்போய். மகன் படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை அடிக்கிறார்; பள்ளியோ அவனுடைய கற்பனையைக் குறும்பாக மட்டுமே காண்கிறது. அவனுக்கு மதிப்பளிப்பது குண்டர் கும்பலைச் சேர்ந்த சிற்றப்பனின் உலகம். ‘கெட்டவன்’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லின் தமிழ்ப் பேச்சுவடிவமே தலைப்பு. கெட்டவன் பிறப்பதில்லை, உருவாக்கப்படுகிறான் என்பதே படம் முன்வைக்கும் வாதம் எனக் கொள்ளலாம்.

பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ (2016) இதே வரலாற்றைத் தொடுகிறது. தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகக் குரலெழுப்பியவன் நகரில் கும்பல் தலைவனாகிறான். எனினும் நாயக மரபு அவனை உயர்த்திவிடுகிறது. ‘ஜகாட்’டில் வன்முறைக்கு விலை கொடுப்பது குடும்பம்; ‘கபாலி’யில் அது பெருமிதமாகவும் மாறுகிறது.

விருதும் அங்கீகாரமும்

2016இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் உரையாடல் குறைவான படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. விதி திருத்தப்பட்டபின் ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. புறம்போக்குத் தமிழ்க் குடும்பத்தின் கதை நாட்டின் கதையே என ஏற்கப்பட்ட தருணம் இது. அதே வேளையில், தேசிய மொழிப் படத்திற்கெனத் தனி விருதும் நிலைத்ததை நாம் மறந்துவிடலாகாது.

முடிவுரை

திரைப்படம் வரலாற்று ஆவணத்திற்கு மாற்றாகாது. ஒரு குடும்பத்தின் மனநிலையை அது உணர்த்தும். தோட்டம் விற்கப்பட்ட முறையையோ தொழிலாளர் பெற்ற இழப்பீட்டையோ அது கூறாது. அவற்றை அறிய, பீடோர் போன்ற சிற்றூர்களில் வாழும் முன்னாள் பால்மரத் தொழிலாளர்களின் வாய்மொழியை நாடவேண்டும். பிரட்டுக் களத்தையும் லயத்தையும் நேரில் அறிந்த தலைமுறை மறைந்து வருகிறது. திரை எழுப்பிய வினாக்களுக்கு விடை கூறவல்லோர் அவர்களே. அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்யும் பணியை நாம் இனியும் தள்ளிப்போடுதல் தகாது.