பிரெஞ்ச் டிரெயினில் பிரான்ஸ் எங்கே?

அமெரிக்கப் புறநகர்களில் மழைக்காலம் வந்தால் அடிக்கடி காதில் விழும் ஒரு பெயர் 'பிரெஞ்ச் டிரெயின்'. வீட்டின் பின்புறம் புல்வெளியில் தண்ணீர் தேங்குகிறது, நிலத்தடி அறையின் சுவரில் ஈரம் ஏறுகிறது என்றால் முதலில் சொல்லப்படும் வைத்தியம் இதுதான். நீளமாக ஒரு குழி வெட்டி, துணி விரித்து, ஜல்லி கொட்டி, ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, மறுபடி ஜல்லி போட்டுத் துணியால் போர்த்தி மூடிவிடுவார்கள். மேலே புல் வளர்ந்துவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெயரைப் பார்த்து இது பிரான்ஸ் நாட்டுச் சரக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பரவலாகச் சொல்லப்படுவது, இது ஹென்றி ஃப்ளாக் பிரெஞ்ச் என்ற அமெரிக்கரின் பெயரால் வந்தது என்பதுதான். பொறியாளரோ என்றால் அதுவும் இல்லை. ஆள் வக்கீல், நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதியாகவும் இருந்தவர். விவசாயத்தில் தீராத ஆசை. 1859இல் 'பண்ணை வடிகால்' என்ற பொருளில் ஒரு தடித்த புத்தகம் போட்டார். பிற்காலத்தில் அமெரிக்க நிதித்துறையில் துணைச் செயலராகவும் வேலை பார்த்தார். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய சிலையை வடிவமைத்த டேனியல் செஸ்டர் பிரெஞ்ச் இவருடைய மகன்.

இன்னொரு வேடிக்கை, இந்த வடிகாலை இவர் கண்டுபிடிக்கவே இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ரோமாபுரியின் கேட்டோ தன் விவசாய நூலில் இதற்கு அளவே கொடுத்திருக்கிறார். ஈரம் தேங்கும் நிலத்தில் குழி வெட்ட வேண்டும். மேலே மூன்றடி அகலம், நான்கடி ஆழம், அடியில் ஒன்றேகால் அடி அகலம். அடியில் கல் பரப்ப வேண்டும். கல் கிடைக்காத ஊரில் பச்சை வில்லோ மரக் கம்புகளைக் குறுக்காக அடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் சுள்ளிக் கட்டு போதும். மேலே அகலம், கீழே குறுகல் என்ற அந்த வெட்டைப் பார்த்தால் இன்றைய எந்தக் கொத்தனாரும் தலையாட்டுவார்.

அதற்குப் பிறகு கதை ஸ்காட்லாந்துக்குப் போகிறது. டீன்ஸ்டன் என்ற ஊரின் பருத்தி ஆலையில் மேலாளராக இருந்த ஜேம்ஸ் ஸ்மித், ஈரம் தெரிகிற இடத்தில் மட்டும் குழி வெட்டாமல் வயல் முழுக்கச் சம இடைவெளியில் இணைகோடுகளாக வெட்டி, உடைத்த கல்லை நிரப்பிக் காட்டினார். 1831இல் அதை எழுதி வெளியிட்டார். அதே ஸ்காட்லாந்திலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவாவுக்குக் குடியேறியிருந்த ஜான் ஜான்ஸ்டன் கல்லுக்குப் பதில் சுட்ட களிமண் ஓட்டைப் பிடித்துக்கொண்டார். தாய்நாட்டிலிருந்து மாதிரியை வரவழைத்து, உள்ளூர்க் குயவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, 1838இல் தன் வயலில் புதைத்தார். மண்பாண்டத்தை மண்ணுக்குள் புதைக்கிறானே என்று அக்கம்பக்கம் சிரித்தது. அவர் கவலைப்படவில்லை. கடைசியில் 320 ஏக்கரில் சுமார் 72 மைல் ஓடு புதைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அமெரிக்க ஓட்டு வடிகாலின் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, நீதிபதி பிரெஞ்ச் செய்தது என்ன? இங்கிலாந்துக்கே போய் வடிகால் வேலைகளைப் பார்த்துவிட்டு வந்து, சிதறிக் கிடந்த அனுபவத்தையெல்லாம் சாதாரண விவசாயிக்குப் புரிகிற மாதிரி ஓரிடத்தில் எழுதி வைத்தார். கல் நிரப்பிய குழியைவிட ஓட்டுக் குழாய்தான் சிக்கனம் என்பது அவர் கட்சி. பாவம், இன்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஜல்லிக் குழி!

சரி, வயலிலிருந்து வீட்டுக்கு இது எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் வயல்கள் மனைகளாயின. 1947இல் லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் தொடங்கிய லெவிட்டவுனில் மட்டும் சில வருடங்களில் 17 ஆயிரம் வீடுகளுக்கு மேல் எழுந்தன. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த மண்ணின் மேல் கூரையும் தார்ச்சாலையும் கார் நிறுத்தும் தளமும் வந்தால் மழை எங்கே போகும்? மத்திய மேற்கு மாநிலங்களில் இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. ஜான்ஸ்டனைப் பார்த்து அடுத்த தலைமுறைகள் புதைத்த களிமண் ஓடுகள் அங்கே மண்ணுக்குள் உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தன. வீடு கட்ட அடித்தளம் தோண்டியபோது அவை வெட்டுப்பட்டன. வெட்டுப்பட்ட குழாயின் தண்ணீர் அங்கேயே பொங்கி, புது வீட்டின் புல்வெளி சதுப்பு நிலமானது. இல்லினாய்ஸின் சில மாவட்டங்களில் மனை போடும் முன் பழைய ஓடுகள் எங்கே ஓடுகின்றன என்று தேடிக் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

1960களின் பிற்பகுதியில் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாய் வந்தது. சுருளாகத் தோளில் தூக்கிப் போகலாம், வளைக்கலாம். கனமான களிமண் ஓட்டை ஒவ்வொன்றாக அடுக்கிய காலம் மெல்ல முடிந்தது. அடுத்து வந்தது துணி. தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி. இது இல்லாத குழியில் நுண்மண் புகுந்து சில வருடங்களில் ஜல்லி அடைத்துப்போகும். இந்த வகைத் துணிக்கு 'ஜியோடெக்ஸ்டைல்' என்று 1977இல் பெயர் வைத்தவர் ழான் பியர் ஜிரூ. இவர் நிஜமான பிரெஞ்சுக்காரர். தலைப்பில் கேட்ட கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் கிடைத்துவிட்டது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று உண்டு. கார் ஷெட்டின் வாசலில் குறுக்கே இரும்புக் கிராதி போட்ட திறந்த வாய்க்கால். அது தரைமேல் ஓடிவரும் நீரைப் பிடிக்கும். பிரெஞ்ச் டிரெயின் மண்ணுக்குள் ஊறும் நீரைப் பிடிக்கும். இரண்டுக்கும் பொதுவானது வாட்டம். நூறு அடி நீளத்துக்கு ஓர் அடியாவது இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. குழாயின் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நிலத்தடி நீர் மேலிருந்து கொட்டுவதில்லை, குழியின் அடியிலிருந்துதான் ஏறி வருகிறது. ஓட்டை கீழே இருந்தால் மட்டம் உயர ஆரம்பித்த உடனேயே தண்ணீர் உள்ளே புகுந்து ஓடிவிடும்.

இதெல்லாம் குழாயின் ஒரு முனை. இன்னொரு முனை எங்கே திறக்கிறது? கேட்டோ முதல் பிளாஸ்டிக் வரை கைவேலை இரண்டாயிரம் வருடம் முன்பே ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இந்தக் கேள்விதான் தீரவில்லை. மேட்டு வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினால் பள்ளத்து வீட்டுக்காரர் வாளியோடு நிற்கிறார்.

பிரெஞ்ச் வக்கீல் என்பதால் இது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள் மேலே உள்ள வயல்களின் வடிகாலை எப்படி அடைக்கின்றன என்று புத்தகத்திலேயே பேசுகிறார். அவர் புத்தகம் வந்த அதே 1859இல், மாசசூசெட்ஸின் கான்கார்டு ஆற்றங்கரைப் புல்வெளிக்காரர்கள் பில்லரிகா அணையால் தங்கள் நிலம் மூழ்குகிறது என்று போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஆற்றை அளந்துகொடுத்தவர் எழுத்தாளர் தோரோ. 1860இல் அணையைத் தாழ்த்தச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. 1862இல் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

மழைநீர் விஷயத்திலோ நிலைமை இன்னும் மோசம். 1865இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதன் சாரம் இது: தரைமேல் ஓடும் மழைநீரை அவரவர் தன் நிலத்திலிருந்து எப்படி வேண்டுமானாலும் தடுக்கலாம், அதனால் பக்கத்து நிலம் கெட்டால் வழக்குப் போட முடியாது. இப்படிப்பட்ட விதிக்கு 'பொது எதிரி' என்று பெயர். தண்ணீர் எல்லாருக்கும் எதிரி, அவரவர் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. (எதிரியை விரட்டி அடுத்தவர் வீட்டுக்குள் அனுப்புவது எந்த ஊர் வீரமோ!) 1978 வரை அங்கே இந்த விதிதான். அந்த வருடம்தான் நீதிமன்றம், இனி நடப்பவற்றுக்கு 'நியாயமான பயன்பாடு' என்ற அளவுகோலை வைப்போம் என்று அறிவித்தது. தன் நிலத்து நீரைத் திருப்பலாம். ஆனால் அதனால் மற்றவருக்கு வரும் கேடு நியாயத்தை மீறக் கூடாது.

நியூ ஜெர்சி 22 வருடம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ராவே நகரில் ஒரு வீட்டுமனை நிறுவனம் 42 ஏக்கர் நிலத்தை மொட்டையடித்து 186 சிறு வீடுகள் கட்டியது. மழைநீரையும் நிலத்தடி நீரையும் வடிகால் குழாய்களில் சேர்த்துக் கீழே ஓடிய சின்ன ஓடையில் விட்டது. மேலே இருந்த புது வீடுகள் காய்ந்திருந்தன. கீழே பழைய வீட்டுக்காரர்களின் கரை ஒவ்வொரு மழைக்கும் அரிக்கப்பட்டது. ஓடை தெளிவிழந்து கலங்கியது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956இல் தீர்ப்பை எழுதியவர், அதே வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன வில்லியம் பிரென்னன். வீடு கட்டுவது நல்ல காரியம்தான், அதன் செலவைக் கீழே இருப்பவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். 'பொது எதிரி' விதியைக் கைவிட்டு, கீழ் நீதிமன்றத்தின் உத்தரவை உறுதி செய்தார். நிறுவனம் தன் செலவில் மிச்ச ஓடையையும் குழாய்க்குள் போட வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவு. பள்ளத்து வீட்டுக்காரர்களுக்குக் கரை பிழைத்தது. அவர்கள் வீட்டோரம் ஓடிய ஓடை மண்ணுக்குள் போயிற்று.