செராஸ் விலங்கியலாளர் பணி: யானையும் கரைப்பறவையும்

மலேசியாவில் காட்டுயிர் ஆய்வை அரசுப் பணியாக ஏற்க விரும்பும் விலங்கியல் பட்டதாரி எட்டிப் பார்க்க வேண்டிய இடம், கோலாலம்பூர் செராஸ் சாலையிலுள்ள வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் தலைமையகம். மலாய்ப் பெயரின் சுருக்கம் பெர்ஹிலித்தான். இதன் பொறுப்பு தீபகற்ப மலேசியா. சபா, சரவாக்கில் தனி அமைப்புகள் உள்ளன. 1972-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2010-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இன்று இதற்கு அடிப்படை. காட்டு யானையும் கடலோர உள்ளானும் இதே துறையின் கோப்புகளில்தான் வருகின்றன.

ரப்பரும் செம்பனையும் தாழ்நிலக் காடுகளைப் பிடித்துக்கொண்டபின் யானைகள் தோட்டங்களில் இறங்கின. இளம் செம்பனையின் குருத்து அவற்றுக்கு விருந்து. முன்பெல்லாம் தொல்லை தரும் யானையைச் சுட்டுவிடுவதுதான் வழக்கம். 1974-இல் யானைப் பிரிவு அமைந்து, அஸ்ஸாமிலிருந்து கும்கிகள் எனப்படும் பழக்கிய யானைகள் வந்தபின் பிடித்து இடம் மாற்றும் முறை வேரூன்றியது. மயக்க ஊசி போட்ட யானையை இரண்டு கும்கிகள் இருபுறமும் நெருக்கி லாரிவரை நடத்திச் செல்லும். அங்கிருந்து தாமான் நெகாரா, கென்யிர் ஏரி போன்ற பெருங்காடுகளுக்குப் பயணம். 1989-இல் தொடங்கப்பட்ட பகாங்கின் கோல காண்டா நிலையம் இப்பணியின் தளம். தீபகற்பத்தில் எஞ்சியவை சுமார் 1,200 முதல் 1,700 யானைகள் என்பது மதிப்பீடு.

லாரி ஏற்றினால் சிக்கல் தீர்ந்ததா? செமினியிலுள்ள நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் 2011 முதல் துறையுடன் சேர்ந்து யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தது. அஹிம்சா கம்போஸ்-அர்செயிஸ் தலைமையிலான குழு கண்டது: யானைகள் அடர்காட்டின் நடுவைவிட, புல்லும் மூங்கிலும் மண்டிய காட்டு விளிம்பையே அதிகம் நாடுகின்றன. தோட்டமும் அங்கேதான் இருக்கிறது.

நாளிதழ்ப் படம் யானைக்கே கிடைக்கும்; உள்ளான்களுக்கு இல்லை. சைபீரியப் பக்கமிருந்து குளிருக்குத் தப்பி வரும் பவளக்காலியும், உலகில் அருகிவிட்ட நோர்ட்மன் பச்சைக்காலியும் சிலாங்கூர்ச் சேற்றுக்கரையில் இரை தேடுகின்றன. 1983-இல் கோலாலம்பூரைத் தளமாகக் கொண்டு தொடங்கிய இன்டர்வேடர் திட்டம் இவற்றின் கணக்கெடுப்பை முறைப்படுத்தியது. கடல் வற்றியிருக்கையில் பறவைகள் சேறெங்கும் சிதறிக் கிடக்கும், எண்ண முடியாது. கடல் ஏறியதும் கூட்டமாக ஒதுங்கும் இடத்தில் தொலைநோக்கியை நிறுத்தி எண்ணுவார்கள். கிள்ளான் வட்டாரத்தில் அப்படிப்பட்ட ஒதுங்கிடம் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளம். யானையைப்போல் உள்ளானை லாரியில் ஏற்றி வேறிடத்தில் விட முடியாது. ஆகவே பறவை ஆய்வாளரின் வேலை நேரத்தில் ஒரு பகுதி, குளத்தையும் கரையையும் கையில் வைத்திருப்பவர்களுடன் பேசுவதில் கழிகிறது.