முடிச்சுப் போட்ட கைகள்

முழுமையாகக் கிடைத்தவற்றில் உலகின் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் இன்று நம்மிடம் இருப்பதற்குக் காரணம் ஒரு திருட்டு. தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலையில், பசிரிக் என்ற இடத்தில், 2,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைவரைப் புதைத்தார்கள். கொள்ளையர்கள் கல்லறையைக் குடைந்து விலையுள்ளதை அள்ளிப் போனார்கள். அவர்கள் போட்ட துளை வழியே நீர் இறங்கி உறைந்தது. அவர்கள் விட்டுப்போன கம்பளம் பனிக்கட்டிக்குள் பத்திரமாகத் தங்கியது. 1949-இல் சோவியத் தொல்லியலாளர் செர்கேய் ருடென்கோ அதை வெளியே எடுத்தார். ஏறக்குறைய 2 மீட்டர் சதுரம்தான். அதற்குள் 12 லட்சத்துக்கு மேல் முடிச்சுகள். ஓரங்களில் குதிரை வீரர்கள், மேயும் மான்கள்.

நம் பவானி ஜமுக்காளத்தில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் வேலை முடிந்தது. கம்பளத்தில் அப்படியில்லை. பாவு இழைகளில் கம்பளி நூலைச் சுற்றி முடிச்சிட்டு, நுனியை வெட்ட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். அடுத்த வரிசைக்கு மறுபடியும் அதே வேலை. பசிரிக் கம்பளத்தில் இந்த முறை முழுமையாகத் தேர்ந்திருக்கிறது. அப்படியானால் கலை அதைவிடப் பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அனத்தோலியக் கம்பளங்களைப் புகழ்ந்தார். வெனிஸ் வணிகர்களோ அவற்றை வாங்கி விற்றார்கள். ஐரோப்பியர்கள் அவற்றைத் தரையில் போட மனமின்றி மேசைமேல் விரித்தார்கள். இங்கிலாந்தில் மன்னர் எட்டாம் ஹென்றியின் வலக்கையாக இருந்த கார்டினல் வுல்சிக்கு அவற்றின்மேல் பெரும் ஆசை. வெனிஸ்காரர்களுக்கு அவரிடம் ஒயின் வணிகச் சலுகை வேண்டியிருந்தது. 1520-இல் 60 கம்பளங்கள் கப்பலில் அவரிடம் வந்து சேர்ந்தன. கீழை நாட்டு நெசவாளர்கள் போட்ட முடிச்சு லண்டனின் வரிக்கொள்கைப் பேரத்துக்குள் நுழைந்துவிட்டது!

ஓவியர்களும் அந்த மேசை விரிப்புகளை வரைந்தார்கள். ஹோல்பைன் வரைந்த வகைக்கு ஹோல்பைன் கம்பளம் என்றும், லோட்டோ வரைந்த வகைக்கு லோட்டோ கம்பளம் என்றும் பெயர் நிலைத்தது. நெய்தவர்களின் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. இந்தக் கதை முழுக்க என்னை உறுத்துவது இதுதான். ஈரானின் அர்தபீல் கம்பளத்தில் காஷான் மக்சூத் என்ற பெயரும், 1539-40-க்கு இணையான ஹிஜ்ரி ஆண்டும் நெய்யப்பட்டிருப்பது அதனாலேயே அபூர்வம். அதிலும் இரண்டரைக் கோடி முடிச்சுகளை ஒருவர் போட்டிருக்க முடியாது. அவருடைய பெயருக்குப் பின்னால் ஒரு பட்டறையே இருந்திருக்கும்.

உண்மையில் அர்தபீல் கம்பளம் ஒன்றல்ல, இரட்டை. 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றை வெட்டி மற்றொன்றை ஒட்டுப்போட்டார்கள். முழுமையானதை 1893-இல் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையில் லண்டன் அருங்காட்சியகம் ஒன்று 2,000 பவுண்டுக்கு வாங்கியது. வெட்டுப்பட்டது இன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது.

இந்தியாவிலும் அக்பர் காலத்தில் ஆக்ரா, ஃபதேபூர், லாகூர் பட்டறைகளில் கம்பள நெசவு செழித்தது. தக்காணத்தில் நெய்தவை டச்சுக் கப்பல்களில் ஜப்பான் வரை போயின. கியோட்டோவின் கியோன் திருவிழாத் தேர்களை இந்தியக் கம்பளங்கள் அலங்கரித்திருக்கின்றன.

நகலெடுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாரிஸில் ஒரு பழைய சோப்பு ஆலையில் கம்பளப் பட்டறை தொடங்கி, அனாதைக் குழந்தைகளை வேலைக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் விட்டி என்ற துணி உற்பத்தியாளர் லண்டன் கடையொன்றில் பெரிய துருக்கியக் கம்பளத்தைக் கண்டார். அதை எப்படி நெய்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்து, 1755-இல் தன் ஊரான ஆக்ஸ்மின்ஸ்டரில் தானே நெய்து காட்டினார். ஊரின் பெயரே உலகச் சந்தையில் ஒரு கம்பள வகையின் பெயராயிற்று.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. காஷ்மீர் சால்வையின் பெரிய சந்தை அப்போது பாரிஸ்தான். அது சரிந்ததும் ஸ்ரீநகர், அமிர்தசரஸ் நெசவாளர்களுக்குச் சோறில்லை. பலர் கம்பளத் தறிக்கு மாறினார்கள். சால்வைக்கு வைத்திருந்த தாலீம் என்ற குறியீட்டு ஏட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்று ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். தறியில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

அதே காலத்தில் ஆங்கிலேயர்கள் சிறைக்கைதிகளைத் தறியில் உட்கார வைத்தார்கள். விக்டோரியா ராணிக்காக ஆக்ரா சிறையில் நெய்த கம்பளம் இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. எடை இரண்டு டன். 1992-இல் கோட்டை தீப்பிடித்தபோது அதைச் சுருட்டி வெளியேற்ற 50 படைவீரர்கள் தேவைப்பட்டார்கள்.

சிறுவர்களின் பிஞ்சு விரல்தான் நுண்ணிய முடிச்சுக்கு ஏற்றது என்ற பொய்யும் தறியோடு சேர்ந்தே பயணித்தது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் தறிகளில் குழந்தைகள் கொத்தடிமைகளாக இருந்தார்கள். குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி அவர்களை மீட்கப் போராடினார். 1994-இல், குழந்தைகளைக் கொண்டு நெய்யாத கம்பளத்துக்கு முத்திரை தரும் ரக்மார்க் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் குட்வீவ்.

நீங்கள் கம்பளம் வாங்கப் போனால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். கையால் முடிச்சிட்டதென்றால் முன்பக்கச் சித்திரம் பின்பக்கமும் அப்படியே தெரியும். ஓரக் குஞ்சம் தைத்ததாக இராது, பாவு இழையின் நீட்சியாகவே இருக்கும். முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது வேறு சரக்கு. அடுத்து, அந்த முத்திரை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால், யார் நெய்தார்கள் என்று கேளுங்கள்.