ஏர்ல்

பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களின் வரிசையில் டியூக், மார்க்வெஸுக்கு அடுத்து மூன்றாவதாக வருவது ஏர்ல். பழைய ஆங்கிலத்தின் 'இயோர்ல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உயர்குடிப் பிறந்தவன், வீரன் என்று பொருள். ஸ்காண்டிநேவிய 'யார்ல்' இதன் உறவுச் சொல். கனூட் மன்னர் காலத்தில் பெரும் நிலப்பகுதியை ஆளும் தலைவனை அது குறித்தது. 1066இல் படையெடுத்து வந்த நார்மானியர்களிடம் இதற்கு ஈடாக 'கவுன்ட்' இருந்தும் பழைய சொல்லே நிலைத்தது. ஆனால் ஏர்லின் மனைவிக்குத் தனிச் சொல் இல்லை. பிரெஞ்சு வழியில் அவர் 'கவுன்டெஸ்' ஆனார். கணவனுக்கு ஒரு மொழி, மனைவிக்கு வேறொரு மொழி! அந்தப் படையெடுப்பின் தடம் இன்றும் அழியவில்லை.

இந்தப் பட்டம் குடும்பம் மாறுவதற்கு வேல்ஸின் போவிஸ் நல்ல சான்று. சென்னையில் ராஜாஜி மண்டபத்தைக் கட்டுவித்த ஆளுநர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அவர் 1784இல் மணந்த ஹென்ரியட்டா, ஹெர்பர்ட் குடும்பத்துப் போவிஸ் ஏர்லின் மகள். ஹென்ரியட்டாவின் அண்ணன் 1801இல் மணமாகாமலே இறக்க, பட்டம் அற்றுப்போனது. 1804இல் அதே பட்டம் புதிதாக எட்வர்டுக்கு வழங்கப்பட்டது. திப்பு சுல்தானின் பூ வேலைப்பாடுள்ள பருத்திக் கூடாரம் போவிஸ் கோட்டையில் இருப்பதும் இந்தத் தொடர்பால்தான். 1807இல் எட்வர்டின் மூத்த மகன் அரச அனுமதியுடன் கிளைவ் என்ற பெயரை விட்டு, தாய்வழிப் பெயரான ஹெர்பர்ட்டை ஏற்றார்.